கிளம்பியது வந்ததாகுமா

ஜெயச்சந்திரனுக்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் தெரியும் என்று திருத்தங்கலில் நம்பிய ஒரே ஆள் அவனுடைய மாமா கனகசபாபதி. அச்சகத்தின் முதலாளி அவர்தான் என்பதால் அந்த ஒரு நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

அங்கே பட்டாசு லேபிள் டிசைன் செய்யும் பர்ஹத்துக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வெடி ஊர் என்பதால் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அச்சகத்தைப் பூட்டுவார்கள். காலையில் சர்வரை ஆன் செய்தால், டிசைனை அச்சுத் தகடு போடும் பிளேட் மெஷினுக்கு அனுப்பும் சர்வீஸ் என்ற புரோகிராம் மட்டும் செத்துக் கிடக்கும். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேன் லேபிளுக்காக வாசலில் நிற்கும். போன் போட்டால் ஜெயச்சந்திரன், "வந்துட்டேன்" என்பான். விருதுநகர் வீட்டில் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். ஆடி அசைந்து வந்து சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்வான். உடனே ஓடும். "இந்தப் பிள்ளை ராத்திரி ஒழுங்கா ஆஃப் பண்றதில்ல மாமா" என்று சொல்லிவிட்டு டீ கேட்பான்.

நேற்று கனகசபாபதி பர்ஹத்தின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "இன்னொரு நாள் இப்படி வேலை நின்னா வேற ஆளு பாத்துக்கிடுவேன்மா."

பர்ஹத்துக்கு வேலை வேண்டும். போனாலும் இந்தத் தண்டத்தால் போகக் கூடாது. சாயங்காலம், எப்போது கிளம்ப வேண்டும் என்று சர்வீஸுக்குச் சொல்லும் பைலைத் திறந்தாள். நெட்வொர்க் கிளம்பியதும் நீயும் கிளம்பு என்று ஜெயச்சந்திரன் எழுதி வைத்திருந்தான். நெட்வொர்க்கும் அவனும் ஒரே ரகம். அது "வந்துட்டேன்" என்று சொல்லும்போது முகவரிகூட வாங்கியிருக்காது. அதை நம்பி எழுந்த சர்வீஸ், நெட்வொர்க்கில் டிசைன் இருக்கும் பெட்டியைத் தேடும், காணாமல் படுத்துவிடும். அவன் ஆடி அசைந்து வருவதற்குள் நெட்வொர்க் வந்திருக்கும், அதனால் அவன் கை பட்டதும் ஓடும். நெட்வொர்க் நிஜமாகவே ஆன்லைன் வந்த பிறகு கிளம்பு என்று மாற்றினாள். இரண்டே வரி. இதற்காகவா இத்தனை நாள் திட்டு வாங்கினோம்!

இன்று ஆன் செய்ததுமே லேபிள் ஓடியது. அதிசயமாக ஜெயச்சந்திரனும் நேரத்தோடு வந்திருந்தான்.

"பாத்தீகளா மாமா? நேத்து ஒரு சத்தம் போட்டீக. இந்தப் பிள்ளை ராத்திரி ஒழுங்கா ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கு."

கனகசபாபதி தலையாட்டினார். ஆட்டுவதற்கு மட்டுமே அவர் வைத்திருக்கும் தலை அது.

பர்ஹத் சர்வர் முன்னால் உட்கார்ந்து, தன் இரண்டு வரியை எடுத்துவிட்டு அவன் எழுதியதையே திரும்பப் போட்டாள். "அண்ணாச்சி, நேத்து நான் போட்ட ரெண்டு வரிதான் ஓட வச்சது. அத எடுத்துட்டேன். இப்ப அவுக கையாலயே ஒழுங்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க."

அவன் சாமி கும்பிடாத குறையாக ஆஃப் செய்து ஆன் செய்தான். சர்வர் எழுந்தது. லேபிள் வரவில்லை.

"நான் ஒழுங்காத்தான் ஆஃப் பண்ணேன் மாமா" என்றான்.

இதையேதான் அவளும் தினம் சொன்னாள், யாரும் நம்பவில்லை. அவன் சொன்னதும் மாமா நம்பிவிட்டார். "உன் மேல என்னப்பா தப்பு, மிஷின்லதான் ஏதோ கோளாறு."

பர்ஹத் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, போறதுன்னா அந்த ரெண்டு வரியப் போட்டுட்டுப் போ. வேன் நிக்குதுல்ல" என்றார் கனகசபாபதி.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.