மூன்றாவது முடிச்சு

என் இடது கட்டைவிரலில் ஒரு சாம்பல் கறை இருக்கிறது. எட்டு வருடமாகப் போகவில்லை. சீயக்காய், புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய், உப்புத்தாள் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. காஞ்சிபுரத்தின் ஆயிரத்தெட்டுக் கோயில் குளங்களிலும் முக்கி எடுத்தேன். பாதிக் குளத்தில் தண்ணீர் இல்லை என்பது என் குற்றமல்ல. என் மனைவி இந்திராணி மட்டும், "அங்க ஒண்ணுமே இல்லீங்க, மொதல்ல கண் டாக்டரப் பாருங்க" என்பாள்.

என் பெயர் கோதண்டபாணி. முப்பத்தொன்பது வருடம் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கியவன். பிறந்தது நெசவுக் குடும்பம். அம்மா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். முடிச்சே கிடையாது; இழுத்தாலும் பிரியாது. அந்தக் கைவாகு எனக்கும் வந்தது, இடது கையில்.

போன மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் பரமசிவத்தின் தறி வீட்டுக்குப் போயிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "கோயில் யானை ஒரு தப்படி எடுத்து வைக்கிறதுக்குள்ள நாப்பது இழை சேப்பேன்பா, கண்ண மூடிக்கினு" என்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது பரமசிவம் எண்ணிப் பார்த்தான்.

"மாமா, பத்து சேத்துட்டு நாப்பதுன்ற. அப்ப உன் வயசு அறுபத்தேழுன்றதும் பதினாறாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தறிக்கு அந்தப் பக்கம் பாவு பிணைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். மூன்று மணி எனக்கு ஆகாத நேரம். ஆபீசில் அப்போதுதான் தபால் பை வந்து இறங்கும். ஓய்வுபெற்ற பிறகும் அந்த நேரம் வந்தால் வீட்டிலிருக்கிற காகிதமெல்லாம் பேசத் தொடங்கிவிடும். மின்கட்டண ரசீது "அன்புள்ள மாமாவுக்கு" என்று ஆரம்பிக்கும். கல்யாணப் பத்திரிகை குலுங்கிக் குலுங்கி அழும். அடுத்தவர்களுக்கு வந்த கடிதங்களை நான் பிரித்துப் படித்த எண்ணிக்கை நாற்பதாயிரம். சரி, நாற்பத்தொன்று. ஆனால் பேசுவது நாற்பதாயிரம் குரலில்தான்.

"சார், நான் எஸ்தர். முசரவாக்கம் ராஜவேலு ஊட்டுக்காரியா இருந்தவ" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அத்தனை குரலும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. சத்தத்தைவிட அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, மஞ்சளடித்துப்போன பட்டு நூலை எடுத்து மேசைமேல் நீட்டி வைத்தாள். எனக்கு அதைத் தெரியும்.

நான் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது நடந்தது அது. மேய்ச்சல் நிலத்தை அரசாங்கம் எடுக்கக் கூடாது என்று முசரவாக்கத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான் எலக்ட்ரீஷியன் ராஜவேலு. அவனுக்கு வருகிற தபாலைப் பார்க்கவேண்டும் என்று சாதா உடுப்பில் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். எழுத்தில் உத்தரவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியே என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. "காயிதம்லாம் எதுக்குண்ணே? உன்ன மாதிரி கை ஜில்லாவுலயே கெடையாதாமே" என்றான். பயமுறுத்தியிருந்தால்கூட நான் மறுத்திருப்பேன். பாராட்டிவிட்டான்.

பொட்டலம் ஆரணியிலிருந்து வந்தது. ராஜவேலுவின் கூட்டாளி முனுசாமி பட்டு நூலால் கட்டி மூன்று முடிச்சு போட்டிருந்தான். இரண்டை அவிழ்த்தேன். மூன்றாவது அவிழவில்லை; வெட்டினேன். உள்ளே கூட்டம் நடக்கும் நாளும் இடமும் எழுதியிருந்தது. வந்தவன் போனில் படம் எடுத்துக்கொண்டான். இரண்டு முடிச்சையும் பழையபடி போட்டேன். மூன்றாவதுக்கு நூல் பற்றவில்லை. ஊதுபத்திச் சாம்பலைத் தொட்டு முறுக்கினேன். பிரம்மாவே பூதக்கண்ணாடியோடு வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன்.

பிரம்மா வரவில்லை. எஸ்தர் வந்திருந்தாள்.

"மூணு முடிச்சு போட்டேன்னு முனுசாமி அண்ணன் போன்ல சொன்னாரு. ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவது எடத்துல சாம்பல். போஸ்ட்மேன்கிட்ட வாங்கி வெச்சவ நானு. எங்க ஊட்ல பாவு பிணைக்கிறவளும் நானு. எங்கண்ணன் போலீசு. இவுங்க கூட்டத்துக்கு ஏரிக்கரைக்குப் போறதுக்கு முன்னாடியே அங்க போலீசு உக்காந்துக்கினு இருந்துச்சு."

"ராஜவேலு என்னம்மா சொன்னாரு?"

"என் வெரலப் பாத்தாரு. அதுக்கப்பறம் நான் போட்ட சோத்துல கை வெக்கல. எட்டு வருசமா திருப்பருத்திக்குன்றத்துல தனியா இருக்கறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. தகவல் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினாளாம்; ராஜவேலுவின் தபாலைப் பிரிக்க உத்தரவு எதுவும் போடப்படவே இல்லை என்று பதில் வந்ததாம். "உத்தரவு இல்ல. ஆனா நூலு இருக்குது பாருங்க" என்றாள். "சோத்துக் கைக்காரங்க முறுக்கினா இழை இப்பிடி சாயும். இது எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்குது. அன்னிலேர்ந்து எந்தத் தறி ஊட்டுக்குப் போனாலும் கையத்தான் பாத்துக்கினு இருக்கறேன்."

பிறகு புது இழை இரண்டையும், காகிதத்தில் மடித்த சாம்பலையும் என் முன்னால் வைத்தாள். "சேருங்க."

வலது கையால் சேர்த்திருக்கலாம். தூக்கக்கூடச் செய்தேன். "வயசாச்சும்மா, என் கை இப்ப உழவர் சந்தைத் தராசு மாதிரி ஆடுது" என்று இளித்தேன். அவள் சாம்பலை இன்னும் கிட்டே நகர்த்தினாள். அப்போது என் இடது கை, என்னைக் கேட்காமல், தானாகப் போய்ச் சாம்பலைத் தொட்டது. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. முறுக்கி முடித்தபோது பழைய நூலும் புது நூலும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

"நான்தாம்மா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அவருக்கு எழுதுங்க. கூப்ட்டா போவேன்னு சொல்லல. எம்மேல இருக்கறத எடுக்கணும், அவ்ளோதான்."

அலமாரியில் கவர் தேடினேன்.

"கவர் வேணாம் சார். கார்டுல எழுதுங்க. போற வழியில எல்லாரும் படிக்கட்டும்."

நாலே வரி. என் வாழ்நாளிலேயே ஒன்றைப் பத்தாக்காமல் எழுதியது அதுதான். வாங்கிப் படித்துவிட்டு, "பேரு" என்றாள். பெயரையும் பார்த்த உத்தியோகத்தையும் போட்டேன். தபால் பெட்டிவரை கூடவே நடந்து வந்து, நான் கார்டைப் போடும்வரை நின்றாள்.

கார்டு முசரவாக்கம் போய்ச் சேர்வதற்குள் ஊரெல்லாம் படித்துவிட்டது. பரமசிவம் இப்போது என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை, சார் என்கிறான். ராஜவேலு திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய் அவள் வாசலில் வெகுநேரம் நின்றதாகவும், அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்ததாகவும் பரமசிவம்தான் சொன்னான்.

"உள்ள கூப்ட்டாளாமா?" என்றேன்.

"அது அவுங்க ரெண்டு பேர் சமாச்சாரம். நீங்க ஏன் சார் கேக்கறீங்க?"

மூன்று மணிக்கு இப்போது வீட்டில் எந்தக் காகிதமும் பேசுவதில்லை. நேற்று அந்த நேரத்தில் இந்திராணி காபி கொண்டுவந்தாள். தம்ளரை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்காமல் நின்றாள்.

"ஏங்க," என்றாள், "கட்டவெரல்ல என்ன அது, சாம்பலா?"