முடிஞ்சுதாம்மா?

அணு மாறிவிட்டதா என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே இருந்தால் அது மாறவே மாறாது. இந்தக் குவாண்டம் விளைவை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுதித் தர வேண்டும். அறிவியல் காட்சிக்கூடத்தில் விளக்கப் பலகை எழுதுகிறவள் காலையிலிருந்து மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். புரட்டிய புத்தகங்கள் எல்லாம் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டன.

ஒருவழியாக முதல் வரி பிடிபட்ட நேரத்தில் கதவு திறந்தது. மேலாளர் தலையை மட்டும் நீட்டினார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்ல சார்."

கதவு மூடியது. வரியும் பறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பத்து நிமிடத்தில் அதே தலை, அதே கேள்வி. பதினோரு மணிக்குள் ஏழு தடவை ஆகிவிட்டது.

எட்டாவது தடவை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க கேக்கக் கேக்க நான் ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கிறேன் சார்," என்றவள் சட்டென்று பேனாவைத் தேடினாள்.

'வேலை செய்கிறவரிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த அணுவும் அப்படித்தான். விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பிடித்து வைத்த பிள்ளையாராக அப்படியே உட்கார்ந்திருக்கும்.'

மேலாளர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். "எனக்கே புரியுதும்மா. உடனே அச்சுக்கு அனுப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கதவு திறந்தது.

"அனுப்பியாச்சாம்மா?"