சுகவாசிக் கூண்டின் பயம்

எலி டாக்டர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் அப்பாதான். "என் பொண்ணு டாக்டர். ஆனா ஊசி போட மாட்டா, எலி பிடிப்பா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயர் எப்படியோ ஆராய்ச்சிக் கூடம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

அப்பா சர்க்கரை நோயாளி. முதலில் கால் விரல் போயிற்று, பிறகு சிறுநீரகம். தின்று கெட்ட மனிதர் இல்லை, கவலைப்பட்டே கெட்டவர் என்பது மகளின் கட்சி. அதை நிரூபிக்கத்தான் எலிகளை வளர்த்தாள். இரண்டு வரிசைக் கூண்டுகள். ஒரு வரிசைக்கு ஓயாத தொல்லை: கூண்டு ஆடும், நினைத்த நேரத்தில் விளக்கு எரியும், முன்பின் தெரியாத எலி ஒன்று வந்து விழும். மறு வரிசைக்கு ஒரு குறையும் கிடையாது. அவற்றுக்குச் சுகவாசிகள் என்று பட்டப்பெயர். இரண்டுக்கும் ஒரே தீனி. தொல்லைப்பட்ட எலிகளுக்கு மட்டும் பய ஹார்மோன் ஏறி, ஈரலில் சர்க்கரையை அடக்கி வைக்கிற மரபணுக்கள் வாயடைத்துப் போனால் அவள் ஜெயித்தாள். சுகவாசிகளும் சேர்ந்து பயந்தால் எல்லாம் கந்தல்.

சுகவாசிகள் பயந்தன. மூலையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பய ஹார்மோன் தாறுமாறாக ஏறியிருந்தது.

இத்தனைக்கும் அந்த அறையின் கட்டுப்பாடு ராணுவத்தில்கூட இருக்காது. பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, ஆண்கள் உள்ளே வரவே கூடாது. ஆம்பிளை வாடை பட்டாலே எலிக்குக் கிலி, அது பல சோதனைகளில் தெரிந்த விஷயம். இயக்குநரே கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போவார். இந்தச் சட்டத்தையெல்லாம் எழுதிக் கதவில் ஒட்டியவள் எலி டாக்டர்தான். ஒருமுறை அடுத்த மேசை அக்கா லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்ததற்கு, முகம் கழுவிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பியவளும் அவள்தான்.

அந்த அக்கா மேல்தான் சந்தேகம் விழுந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அக்கா எதிர்க்கட்சி. நோய்க்குக் காரணம் தீனிதான், கவலை கிவலையெல்லாம் அப்புறம் என்பது அவள் வாதம். இந்தச் சோதனை படுத்துவிட்டால் அறை அக்காவுக்குப் போகும், இயக்குநர் இந்த மாதமே முடிவு செய்வார். போதாததற்கு, அப்பா இறந்து எலி டாக்டர் விடுப்பில் போனபோது அறையின் இன்னொரு சாவி அக்கா கைக்குத்தான் போயிற்று, இன்னும் அவளிடமே இருக்கிறது. இவளுக்கும் சேர்த்து அக்காவே எலிகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த நாட்களின் கணக்கில் பிசகே இல்லை. எலி டாக்டர் திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 'கெடுக்கக் கை பழக அவளுக்கு அத்தனை நாள் ஆகியிருக்கும்' என்று இவளே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டாள். மஞ்சள் காமாலைக்காரி கண்ணுக்கு எல்லாம் மஞ்சள்தானே.

திரும்பி வந்ததிலிருந்து எலி டாக்டருக்குக் குளிர் தாங்கவில்லை. அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் வெள்ளை அங்கியை மாட்டிக்கொள்வாள். ஸ்வெட்டரை இன்னும் துவைக்க மனம் வரவில்லை. ஒருநாள் வெளி அறையில் அதைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தால், அக்கா அதன் பக்கத்தில் நிற்கிறாள். ஸ்வெட்டரின் கை அக்காவின் கையில்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று அக்கா சட்டென்று விட்டுவிட்டாள்.

பையில் கணக்கு நோட்டு இருக்கிறதா என்று துழாவியிருக்கிறாள்! எலிக் கணக்கையே திருடத் துணிந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா அறை வாசலுக்கே வந்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எனக்கு வேலை இருக்குக்கா" என்று இவள் கதவைச் சாத்தினாள். அதே வாரம் அக்கா மறுபடி வந்தாள். மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும், ஏதாவது சமாதானம் சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நேரே இயக்குநரிடம் போய், யாரோ எலிகளைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று ஆரம்பித்து, அந்த யாரோ யார் என்பதையும் சொல்லிவிட்டாள். இயக்குநருக்கு வம்பு பிடிக்காது. அக்காவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை எலி டாக்டர் துள்ளிக்கொண்டுதான் வந்தாள். இனி அறைக்குள் அவளைத் தவிர யாரும் கிடையாது. உள்ளே நுழைந்தாள். சுகவாசிகள் மூலைக்கு ஓடிக் குவிந்தன.

அவளுக்கு வியர்த்தது. கூண்டுகளை இறக்கி ஏற்றித் துடைத்ததில் இன்னும் வியர்த்தது. அங்கியைத் திறந்து ஸ்வெட்டரைக் கழற்றி, சுகவாசி வரிசையின் கடைசியில் இருந்த கொக்கியில் மாட்டினாள். எரிச்சலோடு வெளி அறைக்கு வந்து தண்ணீர் குடித்தாள். குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கொக்கிக்குப் பக்கத்துக் கூண்டுகளில் எலிகளெல்லாம் எதிர்ப்பக்கம் ஒண்டிக் கிடந்தன. மறுகோடியில் இருந்த கூண்டுகளில் எலிகள் நிம்மதியாக முகம் துடைத்துக்கொண்டிருந்தன.

அவள் உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்து அந்தக் கோடியில் மாட்டினாள். வெளியே வந்து காத்திருந்தாள். முகம் துடைத்த எலிகள் ஒண்டின. ஒண்டியவை மெல்ல வெளியே வந்தன.

ஆண் வாடை. உலகத்தில் யார் சட்டையில் அது இருந்தாலும் அவள் மூக்கு கண்டுபிடித்துத் துரத்தியிருக்கும். இந்த ஸ்வெட்டரில் இருந்தது ஆண் வாடை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அப்பா. அவ்வளவுதான்.

இயக்குநர் அறைக்கு ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அடடா" என்றார். "அவங்க காலைலயே வேற கூடத்துக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாங்களே. நானும் சரின்னுட்டேன்."

அக்கா தன் மேசைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எலி டாக்டர் பக்கத்தில் போய் நின்றாள். கையில் ஸ்வெட்டர்.

"அக்கா, எலிங்க பயந்தது..."

"ஸ்வெட்டரால" என்றாள் அக்கா, நிமிராமல்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். சவரச் சோப்பு வாடை, வேர்வை வாடை. அன்னிக்குக் கையில எடுத்து மோந்து பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா!"

"எப்படிச் சொல்றது? உங்கப்பாவைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போன்னு சொல்லணுமா? ரெண்டு தடவை மனசைத் திடப்படுத்திக்கிட்டு வந்தேன். ரெண்டு தடவையும் நீ கதவைச் சாத்தின."

"டைரக்டர் கேட்டப்பவாவது..."

"அவர் சாவியத்தான் கேட்டாரு. காரணத்த யாரு கேட்டா?"

எலி டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "எல்லார் முன்னாலயும் சொல்றேன்க்கா. தப்பு என்மேலதான்னு சொல்றேன். போகாதீங்க."

"சொல்லு. சொல்லத்தான் வேணும்." அக்கா பெட்டியை மூடினாள். "ஆனா நான் இருக்க மாட்டேன். தீனி மாறியிருக்குமான்னு நீ சந்தேகப்படல. மருந்து மேல, கருவி மேல சந்தேகப்படல. உன்மேலயும் படல. மொதல்ல என்மேலதான் பட்ட. நாளைக்கு இன்னொரு எலி மூலையில ஒண்டினாலும் நீ என்னத்தான் திரும்பிப் பாப்ப."

அப்படிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எலி டாக்டருக்கு வாய் வரவில்லை.

அக்கா பெட்டியைத் தூக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். திசு மாதிரிகளைக் காற்றுப் புகாமல் போட்டு வைக்கிற பை. அதை மேசைமேல் வைத்தாள்.

"குற்றம் பண்ணிட்டோம்னு அதைத் தூக்கித் துவைச்சுப் போட்டுடாதே. இதுல வெச்சு, காத்தையெல்லாம் அமுக்கி எடுத்துட்டு மூடு. வாடை ரொம்ப நாளைக்கு இருக்கும்."

சொல்லிவிட்டுப் பெட்டியோடு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எலி டாக்டர் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு கையாலும் அமுக்கிக் காற்றை வெளியேற்றினாள். ஓரத்தை அழுத்தி மூடினாள். அக்கா சொன்னதை ஒரு சந்தேகமும் படாமல் அப்படியே செய்தது அன்றைக்குத்தான். நடைவழியில் அக்காவின் செருப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அழாமல் நின்றாள்.