தரை தொடாத அலமாரி

1927 ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு, செல்வநாயகியின் முதிரை மர அலமாரி தரையிலிருந்து நான்கு விரல் உயர்ந்து நின்றது. சாய்வில்லை. கதவுகள் பூட்டியபடியே இருந்தன.

யாழ்ப்பாணத்திலிருந்து சீதனமாகக் கப்பலில் வந்த அலமாரி அது. கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் கிராணியாக, அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த விநாசித்தம்பியைக் கட்டி வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதில் ஒரு கீறல் விழ அவள் விட்டதில்லை. வெயில் படாமல் மூங்கில் தட்டி தொங்கவிட்டாள். ஈரத்துணியோடு யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து, பழைய வேட்டித் துணியால் மரத்தின் வரியோடு தேய்த்தாள். கால் நான்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. கறையான் தண்ணீரைத் தாண்டாது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் சித்தி ஆயிஷா சன்னல் வழியே பார்த்துச் சிரிப்பாள்.

"அக்கா, அந்தக் கையால அண்ணனுக்கும் ஒரு நாளைக்கு எண்ணெய் தேய்ச்சு விடுங்க லா. மனுசன் காஞ்சு கிடக்காரு."

"அவரைக் கறையான் அரிக்காது" என்பாள் செல்வநாயகி.

அந்த ஜூலையில் ஊரில் காய்ச்சல் பரவியது. கொசு ஒழிப்பு இன்ஸ்பெக்டர் முனுசாமி வீடு வீடாக வந்தார். கிண்ணங்களில் புழு நெளிந்தது.

"தண்ணிய கொட்டணும்மா. இல்லேன்னா மேல மண்ணெண்ணெய் ஊத்துங்க."

"மண்ணெண்ணெய் மரத்தில ஏறினா மெருகு செத்துப்போகும்."

"அப்ப கொட்டுங்க. மூணு நாள்ல வந்து பாப்பேன்."

கொட்டினாள். அதற்குள் அந்தத் தெருவில் ஆறு வீட்டுக் கட்டில்களைக் கறையான் தின்று முடித்திருந்தது. அலமாரியில் ஏறினால் ஒரு மாதத்தில் கூடுதான் மிஞ்சும். இரண்டாம் நாள் மாலை, சுவரிலிருந்து இறங்கிய மண்கோடு அலமாரிக் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. துடைத்தாள். மறுபடி வந்தது. மறுநாள் காலை அலமாரி மேலே நின்றது. கால் இருந்த இடத்தில் மண்கோடு விரல் உயரம் எழும்பி, எட்டாமல் நின்றுபோயிருந்தது. செல்வநாயகி பாயை விரித்துப் படுத்து, இத்தனை ஆண்டும் கை எட்டாத அந்த நான்கு கால்களின் அடிப்பக்கத்துக்கும் முதன்முறையாக மெழுகு பூசினாள். பிறகு தேநீர் போட்டாள்.

முனுசாமி வந்து கைத்தடியைக் கால்களுக்கு அடியில் விட்டு இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தார். குறிப்பேட்டில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். சித்தி ஆயிஷா உறவுப் பெண்களைக் கூட்டி வந்து, தன் வீட்டுப் பொருள்போல அலமாரியைக் காட்டினாள். சேலை அதிகம் வைத்தால் அரை விரல் தாழும், எடுத்தால் ஏறும். 1931இல் வீடு மாறியபோது அதற்கு வண்டி பிடிக்கவில்லை. செல்வநாயகி தலையை நிமிர்த்தி, ஒரு கையால் அலமாரியைத் தெரு நடுவே தள்ளிக்கொண்டு நடந்தாள். ரிக்‌ஷாக்கள் ஒதுங்கி நின்றன.

1936இல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முனுசாமி புது வீட்டைத் தேடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒன்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல் தன் மேசைக்கு மெழுகு போடுவதாகச் சொன்னார். அவள் அலமாரிக் கதவை வரியோடு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மேசை இன்னும் தரையிலதான் நிக்குது. நான் என்னம்மா கொற வச்சேன்?"