காக்கை தொடாத இலை

கொல்லைச் சுவர்மேல் வைத்த இலையில் சோறு காய்ந்து விறைத்துப்போயிற்று. கருமாதிக்கு வந்த சனமெல்லாம் பசியில் வாடி நிற்கிறது. காக்கை எடுக்காமல் யார் கை நனைப்பது? காக்கைக்கா பஞ்சம்! வேப்பமரம் முழுக்க உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"ஆக்கிப் போட்டவ நீதானே, நீயே கூப்புடு" என்று நாத்தனார் வீராயி, செல்வாம்பாளைச் சுவரோரம் நிறுத்தி ஒரு நாழிகை ஆகிறது. "கா... கா..." என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"பசியோட போன மனுசன் இந்தச் சோத்துல வாய வைப்பாரா?" வீராயி யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள். முதலியார்பேட்டைச் சனம் முழுக்கத் திரும்பிச் செல்வாம்பாளைப் பார்த்தது. புருஷன் தணிகாசலமும் பார்த்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாமனார் ராமலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தாவாக இருந்தவர். மில்லில் ஸ்ட்ரைக் முடிந்த மறுவருஷம் வலது கையும் காலும் விழுந்து, எட்டு மாதம் இதே கொல்லையில் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். தணிகாசலம் விடிகாலை மில் சங்குக்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். சோறு பிசைந்து ஊட்டியவள் இவள், பீமூத்திரம் அள்ளியவள் இவள். கண்ட சாட்சி யார்? கிழவரும் போய்ச் சேர்ந்தார்.

இல்லை, ஒரு சாட்சி உண்டு. தண்ணீர் மொள்ள அவள் நகர்ந்தால் போதும், காக்கைகள் கிழவரின் தட்டில் பாயும். விரட்ட அவருக்குக் கை ஏது? ஒருநாள் கண்ணெதிரே அவர் வாயோரத்துச் சோற்றையே ஒரு குஞ்சுக் காக்கை கொத்தியது. ஆத்திரத்தில் அகப்பையை வீசினாள், குஞ்சு சுருண்டு விழுந்து செத்தது. மற்றவை அண்டக் கூடாதென்று அதைக் கட்டில் பக்கத்துக் கொம்பில் காலைக் கட்டித் தொங்கவிட்டாள். அதன்பிறகு கட்டில் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் தெருக் கிணற்றில் பத்துப் பெண்கள் நின்றாலும் இவள் தலையில் மட்டும் வந்து கொத்தின. "உனக்குச் சனி புடிச்சிருக்குடி" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

செல்வாம்பாள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். அத்தனை காக்கையும் கழுத்தைச் சாய்த்து அவள் முகத்தைத்தான் பார்த்தன. அடி ஆத்தே! அஞ்சு மாசமாயிற்றே, இன்னுமா ஞாபகம் வைத்திருக்கின்றன?

"அண்ணி, நீங்க கூப்புடுங்க. நான் உள்ள போறேன்."

கதவைச் சாத்தியதுமே வெளியே சடசடவென்று இறக்கைச் சத்தம். சனம் ஓவென்று கூவியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாமாவுக்குக் கோபமில்லை, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன காக்கைகளின் வேலை! ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கதவில் கை வைத்தாள்.

"பாத்தியாடா தம்பி!" வீராயியின் குரல் உடைந்து அழுதது. "அவ மறைஞ்சதும் எங்கப்பா வந்துட்டாரு. பட்டினி போட்டவ மூஞ்சில முழிச்சிக்கினு எப்பிடிடா தின்னுவாரு?"

செல்வாம்பாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலம் வந்தான். பத்து வருஷத்தில் அவன் அவளிடம் இப்படி மெதுவாகப் பேசியதில்லை.

"எங்கப்பாவுக்குச் சோறு போட்டியா, இல்லியா?"

"அது மாமா இல்லீங்க... காக்காங்க. அதுக்கு என் மூஞ்சி தெரியும்."

சொன்னபோதே அது பைத்தியக்காரப் பேச்சாக அவள் காதிலேயே விழுந்தது. வெளியே வீராயி, "காக்கா எடுத்துடுச்சி, எல்லாரும் பந்தில உக்காருங்க" என்றாள்.

சன்னல் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அலகில் சோற்று உருண்டை. தணிகாசலத்தைப் பார்த்தது, பேசாமல் இருந்தது. கழுத்தைத் திருப்பிச் செல்வாம்பாளைப் பார்த்தது. உருண்டையைக் கீழே போட்டுவிட்டு, அவளைப் பார்த்தே தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியது.