நட்சத்திரம் கட்டாத வீடு

கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிட்டு உஷாராணி நூலைப் பல்லால் கடித்தாள். அரக்கு நிறம். இந்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சபைப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்திருந்தார்கள். ராசிபுரத்துக் கடையில் மொத்தமாகச் சொல்லி வாங்கியது. ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் இவளிடம்தான் தைக்க வந்தன. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீடு முழுக்க அரக்குத் துண்டுகள். நேற்று சோற்றில்கூட ஒரு நூல் கிடந்தது. அந்தச் சேலையை அவள் எடுக்கவில்லை. எடுக்காததை யாரிடமும் சொல்லவுமில்லை.

மதியம் சுகன்யா வந்து கதவைத் தட்டினாள். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். ஜாக்கெட்டுகளை எண்ணிப் பைக்குள் வைத்தாள்.

"உன்றது எங்க உஷா? கழுத்து எப்படி வெச்சிருக்கீன்னு பாக்கலாம்."

"இன்னும் தெக்கலீங்க்கா."

"அடிப்பாவி, நாளைக்குப் பண்டிக. ஊருக்கெல்லாம் தெச்சுட்டு நீ பழசக் கட்டீட்டு நின்னா போட்டோவுல தனியாத் தெரிவ, பாத்துக்க."

சிரித்துக்கொண்டே வெளியே போனவள் வாசலில் நின்று மேலே பார்த்தாள். நிலைக்கு மேல் ஆணி மட்டும் இருந்தது.

"ஸ்டாரு எங்க புள்ள?"

"பல்பு போயிருச்சுங்க்கா. கட்டோணும்."

"சாயந்தரம் கேரல்ஸ் உங்க தெருவுக்குத்தான் வருது. ஸ்டாரு தொங்குற ஊட்டு முன்னாடிதான் நிப்பாங்க. வெரசாக் கட்டு."

உஷாராணி கதவைச் சாத்தினாள்.

பல்பு போகவில்லை. நட்சத்திரம் பரண்மேல் பழைய போர்வைக்குள் இருந்தது. அதைக் கட்டினால் மற்ற எல்லாம் வந்துவிடும். பாட்டுக்குழு வந்து நிற்கும். முப்பது பேருக்காவது டீயும் கேக்கும் வேண்டும், உண்டியலுக்கு ஒரு நோட்டு வேண்டும். நாமகிரிப்பேட்டையில் இந்தத் தெருவுக்கு இவர்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. தீபாவளிக்கு எல்லா வீட்டிலிருந்தும் பலகாரம் வந்திருந்தது, பதிலுக்கு இங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். முன்பெல்லாம் முறுக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஓடும். போன வருடம் ஒருத்தி தட்டைப் பார்த்துவிட்டு, "பிளம் கேக் இல்லீங்களா அக்கா?" என்று கேட்டாள். அதில் குறை ஒன்றுமில்லை. பேக்கரி வாசலில் தாடி வைத்த பொம்மை நின்று ஆடுகிறது, பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதற்கெல்லாம் சின்னராஜ் வருடா வருடம் ரிக் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வருவான். மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வேலை. ஒரு வாரம் இருப்பான். துணி, கேக், கலர் மாறும் பல்பு என்று எல்லாம் முடிந்ததும் கிளம்பிப் போவான். அடுத்த ஆடி வரை அந்த முன்பணத்துக்கே உழைப்பான். அவன் வீட்டுக்கு வருவது பண்டிகைக்காக, வீட்டில் இல்லாமல் போவதும் அதே பண்டிகையால்தான் என்பது அவளுக்கு இந்த வருடம்தான் உறைத்தது. போன மாதம் போனில் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த வருசம் வேண்டாமுங்க. நீங்களும் வர வேண்டாம்."

பின்னால் ரிக் ஓடும் இரைச்சல் கேட்டது. "பண்டிக வேண்டாமா, நான் வேண்டாமா?"

"ரெண்டுந்தான்." விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"சரி புள்ள."

அதற்குப் பிறகும் அவ்வப்போது பேசினான். இப்போது நாலைந்து நாட்களாகப் பேச்சு இல்லை. கூப்பிட்டால் இந்தியில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தெரியாது. அவன் எடுக்க மாட்டான் என்பது மட்டும் தெரியும். காட்டுப் பக்கம் வண்டி போட்டிருப்பார்கள், டவர் இருக்காது. இல்லை, அந்த விளையாட்டுப் பேச்சு மனதில் நின்றுவிட்டதோ. துணியை வெட்டும்போது இது நினைவுக்கு வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள்.

"ஸ்டார் மட்டுமாச்சும் கட்டலாமுல்லம்மா?" என்றாள் இலக்கியா. எட்டாவது படிக்கிறாள். இதே கேள்வியை மூன்று வாரமாக வேறு வேறு குரலில் கேட்டுவிட்டாள்.

"ஸ்டார் மட்டும்னு ஒண்ணு கெடையாது."

நாலு மணி வாக்கில் மறுபடி கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மாரக்காள். மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள். அவள் வருவது தெரு முனையிலேயே கேட்கும், ஆட்டைத் திட்டிக்கொண்டோ யாரையாவது கேலி செய்துகொண்டோ வருவாள். இன்று சத்தமில்லை. கையில் ஒரு தூக்கு. அதை உஷாராணி கையில் கொடுக்காமல் உள்ளே வந்து சுவரோரம் வைத்தாள். மூடியைத் தாண்டி, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தின் வாசனை வந்தது. இலக்கியாவின் தலையைத் தொட்டாள்.

"புள்ளைக்குக் குடு."

"எதுக்குங்க்கா இதெல்லாம்?"

மாரக்காள் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

உஷாராணி தூக்கைத் திறந்து பார்த்தாள். ஏதோ ஒன்று குறைந்ததுபோல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு மோகனப்பிரியா வந்தாள். அவள் கணவன் மதியழகனும் ரிக்கில் போகிறவன், வண்டி வேறு. ஒரு சம்படம் நிறைய முறுக்கு கொண்டு வந்திருந்தாள். உஷாராணியின் முகத்தைப் பார்க்காமல், "சாப்புடாம இருக்காதீங்க்கா" என்றாள். அவளும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

அப்போது பிடிபட்டது. இரண்டு பேரும் வாரேன் என்று சொல்லவில்லை.

இந்த ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்று சொல்லித்தான் போவார்கள். துக்க வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது, அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்துவிட்டு இப்படித்தான் போவார்கள்.

போனை எடுத்தாள். இந்திப் பெண் பேசினாள். மறுபடி போட்டாள். அதே குரல், அதே வேகம். மதியழகன் அவன் பெண்டாட்டிக்குச் சொல்லியிருக்கிறான். அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தனக்குச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. செருப்புப் போடாமல் தெருவைக் கடந்தாள்.

மாரக்காள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னன்னு சொல்லீருங்க."

"என்ன சாமி?"

"அவருக்கு என்னாச்சுங்க? மதியழகண்ணன் போன் பண்ணாரா?"

மாரக்காளின் கை கயிற்றிலேயே நின்றது. "சின்னராசுக்கா? சின்னராசுக்கு என்னாச்சு?"



"பின்ன ஏனுங்க்கா வாரேன்னு சொல்லாமப் போனீங்க?"

"நீதான் ஸ்டாரு கட்டலையே சாமி. உன்ற மாமியா செத்த வருசந்தான் கட்டாம உட்ட. கதவு வேற சாத்தியே கெடக்குது. கெங்கவல்லில உங்கொப்பன் மேலுக்கு முடியாமக் கெடந்தாரே, அவருக்குத்தான் ஆயிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சோம். கேக்க வாய் வல்ல."

"எங்கப்பா நல்லா இருக்காருங்க."

"அப்பறம் ஏன் புள்ள கட்டுல?"

உஷாராணி காலுக்குக் கீழே பார்த்தாள். "செலவுங்க்கா."

"செலவா?" மாரக்காளுக்குக் குரல் திரும்பி வந்தது. "அட எடுபட்டவளே! எண்ணெயக் காயவெச்சு, அழுதுக்கிட்டே கச்சாயம் சுட்டிருக்கறன் நானு. உங்கொப்பனுக்காக!" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சின்னராசு போன் எடுக்கலையா?"

"நாலஞ்சு நாளாவே இல்லீங்."

"காட்டுக்குள்ள வண்டி போட்டிருப்பானுங்க. டவரு இருக்காது சாமி."

இத்தனை நாளாக உஷாராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதான். இன்னொருவர் வாயில் கேட்டபோது பலம் போதவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். போர்வையைப் பிரித்தாள். காகித நட்சத்திரம். ஒரு முனை எலி கடித்துக் கிழிந்திருந்தது. இலக்கியா எதுவும் கேட்கவில்லை. தரையில் கிடந்த அரக்குத் துண்டு ஒன்றை எடுத்து அளந்தாள். உஷாராணி அதை வெட்டிப் பசை தடவி ஒட்டினாள்.

யார் பிறந்ததற்காக இதைக் கட்டுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். யாரும் சாகவில்லை என்று தெருவுக்குச் சொல்லத்தான் கட்டுகிறாள். அது தெரியாதே அவளுக்கு, யாரும் சாகவில்லை என்பது. தெரிந்தவள்போலக் கட்டுவது சரிதானா? கட்டாமல் விட்டால்? தெரு ஒரு நாள் முழுக்க நினைத்திருந்ததைத் தானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? சுத்தியலைத் தேடினாள். ஆணி ஏற்கெனவே இருந்தது நினைவுக்கு வந்தது.

"கேரல்ஸ் வந்தா என்னம்மா குடுக்கறது?"

உஷாராணி சுவரோரம் பார்த்தாள். தூக்கிலிருந்த கச்சாயத்தைப் பெரிய தட்டில் கவிழ்த்தாள். பக்கத்தில் முறுக்கை அடுக்கினாள். துக்கத்துக்கு வந்த பலகாரம். வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் நட்சத்திரம் எரிந்தது. நான்கு முனைகள் மஞ்சளாக, ஒட்டுப்போட்ட முனை மட்டும் கருஞ்சிவப்பாக. எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாரக்காள் தெருவைக் கடந்து வந்து தூக்கை எடுத்தாள். காலிப் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. உஷாராணி சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளித் தூக்கில் போட்டாள். மாரக்காள் படி இறங்கி நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "வாரேன் சாமி" என்றாள்.

தெரு முனையில் டிரம் சத்தம் திரும்பியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். உஷாராணி இன்னொரு முறை போன் போட்டாள். இந்திப் பெண் பேசவில்லை. மணி போனது. டிரம் நெருங்கிக்கொண்டே வந்தது. மணி நின்றதா, யாராவது எடுத்தார்களா என்று தெரியவில்லை. அவள் நட்சத்திரத்துக்குக் கீழே நின்று, மற்றொரு காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள்.