தண்ணியோட போடுங்க

...தண்ணியோட போடுங்க என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் யார் என்னைக் குற்றம் சொல்ல முடியும், மருந்துக்கடையில் பதினோரு வருடமாக நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிற வாக்கியம்தானே, நாக்கு தானாகவே சொல்லிவிடும்... கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அக்காவின் புருஷன், அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறாள், இவன் அறைந்த அறையில் இடது காது செத்துப்போய். பகல் பன்னிரண்டு மணிக்கே வாயில் அந்த வாடை. "என்ன மச்சினிச்சி, இன்னும் இந்தக் கடையிலதான் இருக்கியா? இடுப்பு உயிரை எடுக்குது, நல்லா கேக்குற மாத்திரையா குடு." நல்லா கேக்குற மாத்திரை! மாத்திரையாவது கேட்கட்டும். டாக்டர் சீட்டை நீட்டுகிறான், வழக்கமான வலி மாத்திரை, ஐந்து நாளைக்கு. குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்டிருப்பார், இவன் பச்சைக்குழந்தை போலத் தலையைக் குறுக்கே ஆட்டியிருப்பான், ஆக டாக்டருக்குத் தெரியாது, இவனுக்கும் தெரியாது, தெரிந்தவள் நான் ஒருத்தி... தண்ணியோட போடுங்க என்றால் இவன் எந்தத் தண்ணி என்று எடுத்துக்கொள்வான்? இவன் அகராதியில் குழாயில் வருவதற்கு அந்தப் பெயர் இல்லையே.

வயிற்றில் ஊறும் அமிலம் இறைச்சியைக் கரைக்கும், வயிறும் இறைச்சிதான், அது ஏன் கரையவில்லை என்று படிக்கும் காலத்தில் வியந்து வியந்து படித்தேன்... உள்சுவர் முழுக்க வழவழப்பாக ஒரு பூச்சு, அது தேயத் தேயப் புதிதாகப் பூசு பூசு என்று உடம்பு சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, வலிக்கிறது வலிக்கிறது என்று கத்துவதும் அதே குடும்பத்துச் சேதிதான், மாத்திரைக்கு அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியாது, இரண்டு பேர் வாயையும் பொத்திவிடும், வலி அடங்கும், பூச்சு வேலையும் நின்றுபோகும். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சாராயம் இறங்கினால்? வெறும் சுவர். அரிக்கும், கசியும், சத்தமே இருக்காது. ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும், தலை சுற்றும், போதை என்று நினைத்துப் படுத்துக்கொள்வான், ரத்தம் குறைந்த சுற்றல் என்று யார் எழுப்பிச் சொல்வார்கள், எழுப்புவதற்கு அக்காவா இருக்கிறாள்? காய்ச்சல் மாத்திரையை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாமா, அது வயிற்றை விட்டுவிடும், ஆனால் தினமும் குடிக்கிறவனின் கல்லீரலைப் பிடித்துக்கொள்ளும்... அக்காவும் இதே மாத்திரை வாங்க வந்திருக்கிறாள், குளியலறையில் வழுக்கிட்டேன்டி என்று, மாதத்துக்கு ஒரு தடவை, ஒருத்தி எத்தனை தடவைதான் வழுக்குவாள் என்று நான் கேட்டேனா? தண்ணியோட போடுக்கா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே இவனுக்கும் சொன்னால் என்ன, கணக்கு நேராகிவிடும். அட்டையைக் கத்தரிக்கிறேன், கத்தரிக்கோல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

"இதைப் போடுற நாள்ல குடிக்கக் கூடாது. குடிச்சா வயித்துல ரத்தம் கசியும். குடிப்பேன்னு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லி வேற மருந்து கேளுங்க." சொல்லிவிட்டேன், யார் வாயிலிருந்து வந்ததோ தெரியவில்லை. அவன் சிரித்தான். "அக்காவும் தங்கச்சியும் ஒரே ரெக்கார்டுதானா? அவ குடிக்காதீங்கன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் ரெண்டு ரவுண்டு கூடத்தான் போட்டேன். நீ சொன்னதுக்கு இன்னைக்கு மூணு." மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து முதலாளி, "தெளிவா சொல்லிட்டம்மா, இனி அவர் பாடு" என்றார். ஆமாம், தெளிவாகத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை பொய்யில்லை... ஆனால் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் ஐயா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க என்று இவரிடம் தள்ளிவிடுவதுதானே வழக்கம், இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை சொன்னால் எப்பேர்ப்பட்ட முரடனும் சரிங்க ஐயா என்பான், நேற்றுக்கூட ஒரு லாரி டிரைவரிடம் அப்படித்தானே செய்தேன். இன்று ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா? வேண்டாம் என்று பெண்பிள்ளை சொன்னால் வேண்டுமென்றே செய்கிறவன் இவன் என்பது எனக்குத் தெரியாதா, அக்கா கல்யாணமான முதல் வருடத்திலிருந்து தெரியும்... அப்படியானால் நான் சொன்னது எச்சரிக்கையா, இல்லை... முதலாளி பக்கத்தில்தான் இருக்கிறார், அவன் எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்கிறான், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அடுத்த ஆள் சீட்டை நீட்டிவிட்டார், சின்னச் சீட்டு, ஒரே ஒரு வரி, அதை நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.